இரண்டு மணிக்குத் திறக்கும் லேப்

பம்பாயில் பத்தாவது முடிந்தாலே காலேஜ்தான். பதினொன்றும் பன்னிரண்டும் ஜூனியர் காலேஜ். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்து வரை படித்துவிட்டு, செம்பூரில் ஒரு காலேஜில் சயின்ஸ் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். சேர்க்கை ஃபாரத்தில் பயாலஜி, ஐடி என்று இரண்டு கட்டங்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றில்தான் டிக் போட வேண்டும். கூட வந்த அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு எழுத்துக்கூட்டவும் வராது. இருந்தாலும் கட்டங்களை உற்றுப் பார்த்துவிட்டு, "எதுல கூட்டம் கம்மியோ அதுல போடுல" என்றார். ஐடியில் போட்டேன்.

வெப் பேஜ் எழுதப் படித்ததும் பொறாமைப்படப் படித்ததும் எனக்கு அந்த ஒரே வருஷத்தில்தான். இரண்டும் ஒரே பெஞ்சில்.

லேபில் கம்ப்யூட்டர்கள் நிறைய இருந்தன. ஓடுவது அதில் பாதி. அதனால் ரோல் நம்பர் வரிசையில் இரண்டு பேருக்கு ஒரு மிஷின். என் ரோல் நம்பருக்கு அடுத்தவன் கிங்ஸ் சர்க்கிள் பையன். பூர்வீகம் பாலக்காடு. அப்பாவுக்கு ஆபீஸ் வேலை, அண்ணன் இன்ஜினியரிங் கடைசி வருஷம். இவன் என்னைப் பார்த்த உடனே, "தமிழா? அச்சா ஹை, சேர்ந்து உக்காரலாம்" என்றான். நல்லவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

முதல் பிராக்டிகல் அன்று நான் கீபோர்டில் கை வைத்தேன். ஒரு விரலால் எழுத்தைத் தேடினேன். எச் எங்கே இருக்கிறது, கோண அடைப்புக்குறி எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி ஒரு தலைப்பு அடிப்பதற்குள் பக்கத்து மிஷினில் மூன்று வரி ஓடிவிட்டது. அவன் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தான். பிறகு, "நான் அடிக்கட்டுமா? பெல் அடிச்சுடும்" என்றான். அவன் விரல்கள் பத்தும் ஓடின. கண் திரையிலேயே இருந்தது, கீழே ஒரு தடவைகூடப் போகவில்லை. நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷனின் விரலைப் பார்த்துப் பொறாமைப்பட முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் பாடத்தில் ஜர்னல் என்று ஒன்று உண்டு. கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டு. கம்ப்யூட்டரில் அடித்த ஒவ்வொரு புரோகிராமையும் அதில் பேனாவால் எழுத வேண்டும். வரிக்கு வரி, ஒரு புள்ளி விடாமல். சார் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவார். ஜர்னல் முடியாதவனைப் பரீட்சைக்கு விட மாட்டார்கள். கம்ப்யூட்டர் பாடத்தில் நாங்கள் எல்லாரும் கீபோர்டைத் தொட்டதைவிடப் பேனாவைத் தொட்டதுதான் அதிகம்.

இரண்டாவது வாரம் அவன் என் ஜர்னலைப் புரட்டிப் பார்த்தான்.

"டேய், பிரிண்ட் எடுத்த மாதிரி இருக்குடா உன் கையெழுத்து. என்னோடதும் எழுதிடறியா? நான் ரெண்டு பேருக்கும் டைப் பண்ணிடறேன். டைம் பச்சேகா, ரெண்டு பேருக்கும் மிச்சம்."

"எனக்கும் டைப் பண்ணணும்லா."

அவன் கொஞ்சம் யோசித்தான். "எங்காத்துல லேப்டாப் இருக்கு. சண்டே வா. நீ எழுது, எழுதி முடிச்சதும் ஒன் அவர் ஃபுல்லா உனக்கு. டீல்?"

சரி என்றேன். என்னிடம் இருந்தது மேல்முனை உடைந்த ஒரு போன். அதில் ஒரு ஆப் போட்டு எச்டிஎம்எல் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் நுனியில் ஒரு குறியைத் தொட்டால் பக்கத்துக் குறி விழும். ஒரு மணி நேரம் உண்மையான கீபோர்ட் என்றால் நான் நாலு ஜர்னல்கூட எழுதியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் பாலம் ஏறி இறங்கினால் அவன் வீடு. எங்கள் குடியிருப்புக்குப் பெயர் மாட்டுங்கா லேபர் கேம்ப். தாராவிக்குள்தான் இருக்கிறது. அவன் வீடு இருக்கிற கிங்ஸ் சர்க்கிளும் மாட்டுங்காதான். நடுவில் தண்டவாளம். அவன் அம்மா கதவைத் திறந்து, "வா, உக்காரு. எங்கே இருக்கே நீ?" என்றார்.

"மாட்டுங்கா, மாமி."

"அட, எந்த பில்டிங்?"

"லேபர் கேம்ப்."

"ஓ, அந்தப் பக்கமா" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. பஸ் நம்பர் கேட்டுக்கொள்வது போலத்தான் சொன்னார். தட்டில் தோசை வந்தது. சாப்பாட்டு மேஜையில் இரண்டு ஜர்னலையும் விரித்துவைத்து எழுத ஆரம்பித்தேன்.

லேப்டாப்பைப் பார்த்து வந்த பொறாமை சின்னது. அது கடையில் விற்கிற சாமான். என்னைப் பெரிதாகப் பிடித்துக்கொண்டது வேறு. அந்த வீட்டில் எல்லாருக்கும் அடுத்தது என்ன என்று தெரிந்திருந்தது. ஒரு ஞாயிறு அவன் அண்ணன் தோசையைப் பிய்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"நீ பன்னண்டாவதுக்கு அப்புறம் என்ன பண்ணப் போறே?"

"கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர்னா? பிஎஸ்சி ஐடியா, பிஎஸ்சி சிஎஸ்ஸா, பிசிஏவா, இன்ஜினியரிங்கா? இன்ஜினியரிங்னா இப்பவே என்ட்ரன்ஸுக்கு ஆரம்பிக்கணும். பிஎஸ்சி ஐடின்னா பன்னண்டாவதுல மேத்ஸ் இருக்கணும். பார்த்துக்கோ."

நான் தலையாட்டினேன். நாலும் ஒன்று என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

"நீ பத்தாவதுலயே டிப்ளமோ போயிருக்கலாமே. மூணு வருஷம். அங்கேர்ந்து நேரா இன்ஜினியரிங் செகண்ட் இயர். வேலைக்குச் சீக்கிரம் போணும்னா அதான் ரூட். யாரும் சொல்லலையா உனக்கு?"

யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு யார் இருந்தார்கள்? கூட்டம் கம்மியான கட்டத்தில் டிக் போட்டுவிட்டு வந்தவன் நான். அப்படி ஒரு கதவு இருந்தது என்று தெரியும்போதே அது மூடியாகிவிட்டது. என் பார்ட்னர் இதையெல்லாம் காதில்கூட வாங்காமல் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இது வீட்டில் தினம் ஓடுகிற பேச்சு. அவன் கேட்காமல் விட்டதை நான் மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்பா பை தைக்கும் ஒரு கார்கானாவில் வேலை பார்க்கிறார். நான் வாராவாரம் போவதைக் கவனித்தவர் ஒருநாள், "அந்த லேப்டாப்பு எம்புட்டு நீளம் இருக்கும்?" என்று கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். மறுவாரம் உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து, இரட்டைத் தையல் போட்டு, கறுப்பில் ஒரு பை கொண்டுவந்தார். எனக்குத்தான் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

"அந்தப் பையனுக்குக் குடுல. வாரவாரம் அவன் வீட்டுல உக்காந்து திங்க. வெறுங்கையோட போவாத."

"எனக்கு?"

"ஒனக்கு லேப்டாப்பு வரட்டும், தைப்பம்."

என் அப்பா தைத்த பையை அவன் தோளில் மாட்டிக்கொண்டு காலேஜுக்கு வந்தான். "மஸ்த் ஹை டா, அங்கிளுக்கு தேங்க்ஸ் சொல்லு" என்றான். அந்த வாரம் முழுக்க நான் அவனோடு சரியாகப் பேசவில்லை. அவனுக்குக் காரணம் தெரியாது. எனக்குத் தெரிந்தும் சொல்ல முடியாது.

இரண்டாம் டெர்மில் சார் ப்ராஜெக்ட் கொடுத்தார். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு வெப்சைட். பென் டிரைவில் கொண்டுவந்து லேப் மிஷினில் போட்டு, எல்லார் முன்னாலும் காட்ட வேண்டும். ஜர்னலிலும் எழுதியிருக்க வேண்டும். கடைசியில் ஒன்று சொன்னார்: யாருடைய ப்ராஜெக்ட் முதலாவதோ அவன் லேப் மானிட்டர்.

எங்கள் லேபை மத்தியானம் இரண்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். திறந்துவைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மானிட்டர் என்று ஒருவன் வந்தால் சாவி அவனிடம் இருக்கும். இரண்டிலிருந்து ஐந்து வரை அவன் இஷ்டப்பட்டால் திறந்து வைக்கலாம். தினமும் மூன்று மணி நேரம். ஒரு மிஷின், தனியாக. அன்றைக்கு பஸ்ஸில் எங்கள் ஸ்டாப் சயான் வந்து சேரும்வரை விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் பார்த்தேன். வாரத்துக்கு ஒரு மணி எங்கே, பதினைந்து மணி எங்கே.

நான் செய்தது எங்கள் சந்தில் இருக்கிற கார்கானாக்களின் பட்டியல். ஜிப் வைக்கிறவர் யார், பக்கிள் போடுகிறவர் யார், லைனிங் துணி எங்கே கிடைக்கும் என்று ஒரு டேபிள். கீழே ஆர்டர் அனுப்ப ஒரு ஃபாரம். ஜாவாஸ்கிரிப்டில், போன் நம்பர் பத்து இலக்கம் இல்லையென்றால் சொல்லும்படி எழுதியிருந்தேன். படம் ஒன்றும் வைக்கவில்லை. வைக்காததற்குக் காரணம் உண்டு. தீபாவளிக்கு முன்னால், சின்னதாக ஒரு பேஜை எங்கள் சந்து முனை ஜெராக்ஸ் கடையின் கம்ப்யூட்டரில் செய்து காலேஜுக்குக் கொண்டுபோனேன். அங்கே படம் வரவில்லை. கிழிந்த காகிதம் மாதிரி ஒரு சின்ன அடையாளம்தான் வந்தது. ஒரு வாரம் மண்டையைக் குடைந்து கண்டுபிடித்தேன். படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரியில் கடைக்காரரின் கம்ப்யூட்டரின் முழு விலாசத்தையும் கொடுத்திருந்தேன். சி டிரைவ், கடைக்காரர் பெயர், டெஸ்க்டாப், அப்புறம் படத்தின் பெயர். காலேஜ் மிஷின் தன் டெஸ்க்டாப்பில் போய் அந்தக் கடைக்காரரைத் தேடியிருக்கிறது. படமும் பேஜும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் படத்தின் பெயர் மட்டும் போதும். அன்றிலிருந்து படம் என்றாலே எனக்குப் பயம்.

அவன் செய்தது கிங்ஸ் சர்க்கிளின் ஓட்டல்களும் பூக்கடைகளும். அண்ணனின் கேமராவில் எடுத்த பன்னிரண்டு படங்கள். வாழையிலை ஓரத்தில் தண்ணீர்த்துளிகூடத் தெரியும். பேஜைத் திறந்ததும் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, சாவி அவனுக்குத்தான்.

காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிறு அவன் ஜர்னலில் அந்த ப்ராஜெக்டை எழுத உட்கார்ந்தேன். லேப்டாப் எனக்கு முன்னால் திறந்திருந்தது. அவன் பாத்ரூமில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். முதல் படம் வருகிற வரிக்கு வந்தேன்.

சி டிரைவ். அவன் பெயர். டெஸ்க்டாப். ப்ராஜெக்ட். இட்லி.

பேனா நின்றது. அடுத்த படத்தைப் பார்த்தேன். அதற்கடுத்தது. பன்னிரண்டும் அப்படியே. அடித்துக்கொண்டே போகிறவனுக்கு அது கண்ணில் படாது. ஒரு வரியை வெட்டி பன்னிரண்டு தடவை ஒட்டியிருப்பான், அவன் மிஷினில் எல்லாம் அழகாக வந்திருக்கும். ஒவ்வொரு எழுத்தாகக் கையால் எழுதுகிறவனுக்குத்தான் படும்.

சொல்லியிருக்கலாம். பாத்ரூமுக்கு வெளியே நின்று ஒரு வார்த்தை. நான் சொல்லவில்லை. மறதியில் விட்டேன் என்றோ, அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன் என்றோ எழுதினால் பொய். அவன் வெளியே வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே, "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டபோது, "ம்" என்றேன்.

ஆனால் ஜர்னலில் நான் அந்த நீள விலாசத்தை எழுதவில்லை. பன்னிரண்டு இடத்திலும் படத்தின் பெயரை மட்டும், சரியாக எழுதினேன். அவனைக் காப்பாற்ற இல்லை. என் கையெழுத்தில் தப்பான வரி ஒன்று இருக்கக் கூடாது என்ற வீம்பு. லேப்டாப்பில் இருந்ததைத் தொடவில்லை. எழுதி முடித்ததும் என் ஒரு மணி நேரத்தையும் கறாராக எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை. என் முறை முதலில் வந்தது. எல்லாம் வேலை செய்தது. சார் ஒன்பது இலக்கத்தில் போன் நம்பர் அடித்துப் பார்த்தார், தப்பு என்று வந்தது. "காம் கர் ரஹா ஹை, ஓடுது. ஆனா ரொம்ப சாதாவா இருக்கே" என்று பாதி இந்தியிலும் பாதி இங்கிலீஷிலும் சொன்னார். இறங்கிவந்து உட்கார்ந்தேன்.

அடுத்தது அவன். பென் டிரைவை மாட்டி, பேஜைத் திறந்தான். பன்னிரண்டு கிழிந்த காகிதங்கள் நகர ஆரம்பித்தன.

பின்வரிசையில் எவனோ, "ஓட்டல் பந்த் ஹை பாய்" என்றான். லேபே சிரித்தது. அவன் திரும்பத் திரும்ப ரிஃப்ரெஷ் அடித்தான். காது மடல் சிவந்துவிட்டது. அந்த விரல்கள் முதல் தடவையாக எழுத்தைத் தேடின. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம்தான், வேறு சொல் போட மாட்டேன். அரை நிமிஷம் இருந்திருக்கும்.

சார் பக்கத்தில் இருந்த அவன் ஜர்னலை எடுத்தார். புரட்டினார். திரையில் இருந்த வரியையும் நோட்டில் இருந்த வரியையும் விரல் வைத்துப் பார்த்தார்.

"ஜர்னல்ல சரியா எழுதியிருக்கியே. டைப் பண்ணும்போது ஏன் இப்படிப் போட்டே? இதுல இருக்கறபடி மாத்து."

அவன் நோட்டைப் பார்த்தான். என் எழுத்தைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் கீழே குனிந்து என் செருப்பு வாரைச் சரிசெய்தேன். இரண்டு நிமிஷத்தில் அவன் மாற்றிவிட்டான். இட்லி வந்தது, பூச்சரம் வந்தது, வாழையிலையும் தண்ணீர்த்துளியும் வந்தன. யாரோ விசில் அடித்தார்கள். படங்கள் வராமல் போய், அப்புறம் வந்ததில், முன்னைவிட நன்றாக இருந்த மாதிரி தெரிந்தது. மறுநாள் போர்டில் மானிட்டர் என்று அவன் பெயர் இருந்தது.

அன்று இரண்டு மணிக்கு லேப் வாசலில் போய் நின்றேன். பூட்டியிருந்தது. மறுநாளும் பூட்டு. மூன்றாம் நாள் கேன்டீனில் அவனைப் பிடித்தேன்.

"லேப் தொறக்கலையா?"

"வேலை இருக்கு."

"மூணு நாளாவா?"

"ஜர்னல் எழுதறவனுக்கு லேப் எதுக்கு?" என்றான். சமோசாவைக் கீழே வைத்தான். "நீ பாத்தே இல்ல?"

"பாத்தேன்."

"எப்போ?"

"மொதப் படத்துலயே."

"பன்னண்டு படம்டா. பன்னண்டு வாட்டி பாத்துட்டு சும்மா இருந்தே. எங்கம்மா உள்ள உனக்கு தோசை வாத்துண்டு இருந்தா."

"சாவி எனக்கு வேணும்னு இருந்துச்சு" என்றேன். "ஒனக்கு வீட்டுல இருக்கு. எனக்கு அந்த மூணு மணி நேரந்தான்."

"அதைக் கேட்டிருக்கலாமே. நானே ப்ராஜெக்டை சும்மா ஏதாவது குடுத்திருப்பேன். எனக்கென்ன, சாவியைத் தூக்கிண்டு அஞ்சு மணி வரைக்கும் செம்பூர்ல உக்காந்திருக்கணும்னு ஆசையா?"

"அதாம்ல எரிச்சல்."

"எது?"

"நீ சும்மா குடுத்துருவ பாரு, அது."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "பாகல் ஹை க்யா தூ" என்றான். பைத்தியமா நீ என்று. அவன் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை. பத்து நிமிஷம் விளக்கினாலும் புரிந்திருக்காது. நான் விளக்கவும் இல்லை.

"இனிமே சண்டே வராதே. என் ஜர்னலை நானே எழுதிக்கறேன்" என்றான். "லேப் நாளைக்குத் தொறக்கறேன்."

சொன்னபடி திறந்தான். மூன்றாவது வரிசையில் ஒரு மிஷினை எடுத்துக்கொண்டேன். பத்து விரலையும் வைத்து மெதுவாக அடித்துப் பழகினேன். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு யாரும் காத்திருக்கவில்லை. அவன் வாசல் பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்த்தான். என்னோடு பேசவில்லை. ஒரு வாரம் இப்படிப் போனது. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, கிளாஸ் முடிந்ததும் என் டெஸ்கில் சாவியைப் போட்டான்.

"நீயே தொறந்துக்கோ. எனக்கு என்ட்ரன்ஸ் கிளாஸ் ஆரம்பிச்சாச்சு. ரெஜிஸ்டர்ல மட்டும் என் பேரைப் போடு. மாத்தணும்னா சாருக்கு லெட்டர் குடுக்கணும், யார் அலையறது."

எடுத்துக்கொண்டேன். அந்த வருஷம் மீதியும் பன்னிரண்டாவதில் பாதியும் தினமும் நான்தான் லேபைத் திறந்தேன். ஜாவாஸ்கிரிப்டை அங்கேதான் ஒழுங்காகப் படித்தேன், பிஎச்பி தொட்டுப் பார்த்தேன். இப்போது பிஎஸ்சி ஐடி இரண்டாம் வருஷத்தில் மற்றவர்களுக்குச் சமமாக உட்கார முடிகிறதென்றால் அந்த மத்தியானங்கள்தான் காரணம். நான் விரும்பியது முழுசாகக் கிடைத்தது. ஆனால் அவனுக்கு வேண்டாததால் கிடைத்தது. ஒவ்வொரு நாளும் ரெஜிஸ்டரில் திறந்த நேரம், பூட்டிய நேரம் எழுதி, மானிட்டர் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதினேன். என் அழகான கையெழுத்தில்.

பன்னிரண்டாவது முடியும்போது லேப் மானிட்டருக்கு ஒரு சர்டிபிகேட் கொடுத்தார்கள். அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடைக்குப் போனான், வாங்கினான், சாருக்குக் கை கொடுத்தான். இறங்கி வரும்போதே அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நடைவழிக்கு அந்தப் பக்கம் எனக்கு நேராக உட்கார்ந்து யாருடனோ பேச ஆரம்பித்தான். கூட்டம் முடியும்வரை அந்தச் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டியான நல்ல காகிதம். நானாக இருந்தால் மடித்திருக்க மாட்டேன்.